பூண்டு அவளுடையது

பூண்டு அவளுடையது,
கோழிகள் என்னுடையவை.
இருபத்தாறு வருடக் குடித்தனத்தில்
தீராத வழக்கு இது ஒன்றுதான்.

லெமுய் தீவில் மழைக்குக் கிழமை கிடையாது.
நனைந்த மண்ணைக் கண்டால்
கோழிக்குக் கால் அரிக்கும்.
ஏப்ரலில் உபெர்லிந்தா ஊன்றிய பற்களை
மே மாதம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு
அடியில் வேறென்ன இருக்கிறது என்று பார்த்தன.
தின்னவாவது செய்கின்றனவா?
பூண்டின் வாடையே ஆகாது அவற்றுக்கு.
கிளற வேண்டும், அவ்வளவுதான்.

'உன் கோழிகள்' என்பாள் அப்போதெல்லாம்.
நீல முட்டை கூடையில் இருக்கும்போது
'நம் கோழிகள்'.

முதலில் மூங்கில் குச்சி நட்டாள், சாணுக்கு ஒன்றாக.
கோழி என்பது
ஒரு சாணுக்கும் குறைவான ஜந்து என்று தெரிந்தது.
முள்ளை வெட்டிப் பரப்பினாள்.
கிழிந்தது அவள் கைதான்.
தம்பி மகன் ரோசமேல் கொடுத்த பழைய குறுந்தகடுகளைக்
கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.
வாலில்லாத மொட்டைச்சி
அதில் முகம் பார்த்துவிட்டு
மறுபடி வேலைக்குப் போனாள்.

இறகை வெட்டு என்றாள்.
நான் கத்தரியைத் தேடினேன்.
மூன்று வாரம் தேடினேன்.

அப்புறம்தான் வலை.
சால்மன் பண்ணையில் கழித்துப் போட்டது,
கறுப்பு நைலான்,
பதினொரு வருடம் மூழ்கி மூழ்கி
நான் ஓட்டை தைத்த ரகம்.
கரையில் குவிந்து கிடந்ததை
அவளே உருட்டி வந்து
ஆறு பாத்திக்கும் இழுத்துப் போர்த்தினாள்.
வலைக்கு ஆள் தெரியாது என்றேன்.
கோழிக்குத் தெரிந்தால் போதும் என்றாள்.

ஒருமுறை, பதினெட்டு மீட்டர் ஆழத்தில்,
அது என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.
மேலே காற்றனுப்பும் இயந்திரமும் அன்று இருமியது.
வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.
சொல்ல எனக்கு வரவில்லை,
கேட்க அவளுக்கு வரவில்லை.
காலுறைகளை மட்டும்
கெட்டியான கம்பளியில் பின்ன ஆரம்பித்தாள்.

வலை நன்றாகவே வேலை செய்தது.
பூண்டு விரற்கடை உயரம் வந்தது.
கோழிகள் ஓரமாக நின்று
அரசாங்க அலுவலகத்தில் காத்திருப்பவர்களைப் போல
ஒற்றைக் கால் மாற்றி நின்றன.

ஜூனில் ஒரு புயல் ராத்திரி
விழித்தால் பக்கத்தில் அவள் இல்லை.
விளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.
என் எண்ணெய்க்கோட்டில், சேற்றில் மண்டியிட்டு,
மடியில் மொட்டைச்சி.
காலில் மூன்று கண்ணி,
இறக்கையில் எத்தனையோ.
கத்துவதை அது நிறுத்தியிருந்தது.

அவிழ்த்துவிடலாம், பொறு,
நல்ல வலை என்றேன்
கதவருகில் நின்றுகொண்டு.

அவளிடம் சிப்பி திறக்கும் கத்தி இருந்தது.
ஒரு கண்ணியை அறுத்தாள். இன்னொன்றை.
கோழி விடுபட்டு, தட்டுத்தடுமாறி
அடுக்கிய விறகுக்குள் போன பிறகும் அறுத்தாள்,
யாரையும் பிடித்திராத கண்ணிகளை,
நீளவாக்கில், முழுப் பாத்திக்கும்.

"எத்தனை நிமிஷம்?"
மழையில் சரியாகக் கேட்கவில்லை.
கோழியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு, என்றேன்.

காலையில் அடுப்பு மூட்டியவள்
வற்று நேரம் பார்த்து
தள்ளுவண்டியை வாசலில் நிறுத்தினாள்.
அன்றிலிருந்து நான் கல் சுமக்கிறேன்.
உள்ளங்கை அகலம், தட்டையாக,
மேல்பக்கம் பாசி இல்லாமல் இருக்க வேண்டுமாம்.
ஒவ்வொரு தண்டின் கழுத்தையும் ஒட்டி
அவள் பதிக்கிறாள்,
தளம் போடுகிறவள் மாதிரி, ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்து.
இடுப்பு என்னுடையது என்பதை
நான் இப்போது நினைவூட்டுவதில்லை.

மொட்டைச்சி நொண்டிக்கொண்டு வந்தாள்.
கல்லைக் கீறினாள். கரக்.
இன்னொரு தடவை. கரக்.
தலையைச் சாய்த்து
உரிமையாளன் என்ற முறையில் என்னிடம்
விளக்கம் கேட்டாள்.

எனக்கொன்றும் தெரியாது அம்மா,
இன்னும் இரண்டு பாத்தி பாக்கி,
கடல் ஏறத் தொடங்கிவிட்டது.